சிறப்பு விருந்தினர் வரும்வரை

மாநாடு தொடங்க நாற்பத்தொரு மணி நேரம் இருந்தபோது சிறப்பு விருந்தினர் எனக்குப் போன் செய்து, வர முடியாது என்றார்.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. முல்லா வீதியில் எங்கள் மன்றத்தின் மாடி அறையில் நான் மட்டும் இருந்தேன்.

“காய்ச்சல்மா. டாக்டர் எங்கயும் போகக் கூடாதுன்னுட்டார். செயலாளர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க” என்றார் முனைவர் கார்குழலி. குரல் கரகரத்தது.

“சரிங்க மேடம். உடம்பைப் பாத்துக்குங்க” என்றேன்.

செயலாளரிடம் சொல்லவில்லை.

காரணம் சொல்கிறேன். எங்களுடையது கரைக்கழிவு மன்றம். கடற்கரையில் சேரும் பிளாஸ்டிக்கைப் பற்றி ஆண்டுக்கு ஒரு மாநாடு நடத்துவோம். இதுவரை நடந்த மூன்று மாநாடுகளும் ஓட்டல் ஒன்றின் குளிர் அரங்கில் நடந்தன. மூன்றிலும் ஒரே பிரச்சினைதான். பிள்ளைச்சாவடிக் கரையில் கிழிந்த நைலான் வலைகள் குவிந்து கிடக்கின்றன. தட்டாஞ்சாவடியில் லூர்துபிரகாஷ் என்பவரிடம் பழைய வலையை அரைத்துக் குருணையாக்கும் மிஷின் இருக்கிறது. வலை இங்கே, மிஷின் அங்கே. நடுவில் ஒரு டெம்போ போய் வரும் தூரம்.

பிள்ளைச்சாவடி மீனவப் பெண்கள் குழுவின் தலைவி அஞ்சலாட்சி மூன்று மாநாட்டுக்கும் வந்தார். லூர்துபிரகாஷும் வந்தார். அவர் ஐந்தாம் வரிசை, இவர் மூன்றாம் வரிசை. இருவரும் மேடையைப் பார்த்தார்கள். மேடையில் இருந்தவர்கள் திரையில் கரையின் படத்தையும் மிஷினின் படத்தையும் காட்டினார்கள். பிறகு சாப்பாடு. போகும்போது ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல், ஒரு பேனா. எல்லோரும் போனபின் அரங்கைப் பெருக்கியவர்கள் அள்ளிய தண்ணீர்ப் பாட்டில்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைச்சாவடிக் கரையே தேவலை.

போன மாதம் லூர்துபிரகாஷ் எங்கள் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

“மூணு வருஷமா உங்க மாநாட்டுல என் மிஷினோட போட்டோதான் ஓடுது. மிஷின் ஓடல. சேதராப்பட்டுல ஒருத்தர் கேட்டுருக்கார். உங்க மாநாட்டுக்கு அடுத்த திங்கட்கிழமை தூக்கிக் குடுத்துடுவேன். பழைய டிரம் அரைக்கப் போறாராம்” என்றார்.

ஆக, சனிக்கிழமை மாநாட்டில் இவர்கள் இருவரும் பேசினால் உண்டு. இல்லாவிட்டால் அந்த மிஷின் போய்விடும். பிறகு கரையில் குவியும் வலைக்குப் பக்கத்து ஊர்களில் போக்கிடம் கிடையாது.

இந்த ஆண்டு வைகாசி முகூர்த்தத்துக்கு ஓட்டல் அரங்கைக் கல்யாணக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அதுதான் சமயம் என்று நான் ஒரு திட்டம் எழுதி, செயலாளர் மேசையில் வைத்தேன். எனக்கு எழுதத்தான் வரும். பிள்ளைச்சாவடி வலைக்கூடத்தில் கூடுவோம். மேடை வேண்டாம், வட்டமாக உட்காருவோம். தட்டும் தம்ளரும் அவரவர் கொண்டு வர வேண்டும். ஃப்ளெக்ஸ் கிடையாது, ஏனென்றால் ஃப்ளெக்ஸே பிளாஸ்டிக். கட்டுரை வாசிப்பதற்குப் பதில் நிஜ வலையை நடுவில் போட்டு எல்லோரும் அறுத்துப் பார்ப்போம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். சனிக்கிழமை மீன் வியாபாரமும் மந்தம். அஞ்சலாட்சி அக்காவுக்கு வசதி.

செயலாளர் கிறிஸ்துதாஸ் படித்தார். அவர் ஓய்வுபெற்ற அரசு அலுவலர். கடற்கரைக்குப் போனாலும் ஷூ போடுவார். சென்னையில் விழா, காரைக்காலில் விழா என்றால் மேடை முறையைப் பார்ப்பதற்காகவே போய் வருவார்.

“தஸ்லீம், இது மாநாடா, பிக்னிக்கா?”

நான் தரையைப் பார்த்தேன்.

“சரி. சீஃப் கெஸ்ட் வர்ற வரைக்கும் உன் விளையாட்டு. அவங்க வந்து எறங்குனதும் குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வை, சிறப்புரை, நன்றியுரை. முறைன்னு ஒண்ணு இருக்கு. வரவேற்புரை நீ.”

அது தெரிந்தேதான் சொன்னார். போன ஆண்டும் வரவேற்புரை நான்தான். மைக் முன் நின்று “அனைவருக்கும்” என்றேன். அதற்கு மேல் வரவில்லை. அரங்கம் காத்திருந்தது. நான் இறங்கி வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவர் நல்ல மனநிலையில் இருந்தால் என்னை “மிஸ் அனைவருக்கும்” என்று கூப்பிடுவார்.

இனி, நான் ஏன் சொல்லவில்லை என்பது. எங்கள் ஊர் விழாக்களில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். சிறப்பு விருந்தினருக்காகக் காத்திருக்கும் நேரத்தில்தான் மனிதர்கள் திரும்பி உட்காருகிறார்கள். எந்தத் தெரு என்று கேட்கிறார்கள். பொண்ணு படிப்பை விசாரிக்கிறார்கள். கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் எல்லோரும் நேராகத் திரும்பிக்கொள்கிறார்கள். பேச்சு அத்தோடு சரி. விருந்தினர் ஒரு மணி நேரம் தாமதமாக வருவார், அதற்குள் எதையாவது முடிக்கலாம் என்றுதான் முதலில் கணக்குப் போட்டிருந்தேன்.

இப்போது எனக்கு வராமலே இருக்கும் விருந்தினர் கிடைத்திருந்தார். முழு நாளும் என்னுடையது. வேதியியலில் வினையூக்கி என்று படித்திருக்கிறேன். தான் மாறாமல் வினையை நடத்திவிடும் பொருள். இது அதற்கும் ஒரு படி மேல். பாத்திரத்துக்குள்ளேயே வராத வினையூக்கி.

சொன்னால், கிறிஸ்துதாஸ் சார் அன்று இரவே வேறொருவரைப் பிடித்துவிடுவார். அவருடைய பட்டன் போனில் பாதி எண்கள் முன்னாள் தலைவர்களுடையவை.

வெள்ளிக்கிழமை மாலை, யாராவது ஏதாவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்து என் போனை அணைத்து வைத்தேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

*

சனிக்கிழமை காலை வலைக்கூடத்தின் தூண்களுக்கு நடுவே பாய்கள் விரித்தோம். கிழிந்த வலைகள் நடுவில் மலையாகக் கிடந்தன. கிறிஸ்துதாஸ் சார் ஒரு வேனில் குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, கையில் பிடித்துப் பேசும் ஒரு ஒலிபெருக்கி, டர்க்கித் துண்டு போர்த்திய பெரிய நாற்காலி ஆகியவற்றோடு வந்து இறங்கினார். சால்வை அவர் கையிலேயே இருந்தது. நாற்காலியை வட்டத்துக்குள் வைக்க நான் இடம் விடவில்லை. தூணோரம் போட்டார். “பாத்துக்க. யாரும் ஒக்காரக் கூடாது” என்று சொல்லிவிட்டு, காரை எதிர்பார்த்து மெயின் ரோட்டுக்குப் போனார்.

முப்பது பேர் போல வந்தார்கள். அஞ்சலாட்சி அக்கா பெண்களோடு வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

“இன்னா பாப்பா, மேடையக் காணோம்? நாங்க யாரப் பாத்து ஒக்கார்றது?”

“ஒருத்தர ஒருத்தர் பாத்துதான்கா.”

“அய்ய. இந்த மூஞ்சிங்களத்தான் தெனம் பாக்குறோமே.”

லூர்துபிரகாஷ் ஹெல்மெட்டோடு வந்து, வட்டத்தின் எதிர்ப்பக்கம், எழுந்து போக வசதியான ஓரத்தில் உட்கார்ந்தார்.

அப்போது கடற்கரைப் பக்கமாக ஒரு ஆட்டோ வந்து நின்றது. பருத்திப் புடவை கட்டிய ஒரு பெண் இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் மஃப்ளர். மூக்கு சிவந்திருந்தது. தோளில் துணிப்பை, அதற்குள்ளிருந்து ஒரு எவர்சில்வர் தட்டின் விளிம்பு தெரிந்தது.

“தஸ்லீம் யாரு?”

அந்தக் கரகரப்பு எனக்குத் தெரியும். என் கையிலிருந்த பாய் கீழே விழுந்தது.

“காய்ச்சல் விட்டுடுச்சு. நேத்து ராத்திரிலேர்ந்து உங்களுக்குப் போன் பண்றேன், சுவிட்ச் ஆஃப். சரி, நேரா வந்துடுவோம்னு பஸ் ஏறிட்டேன்” என்றார் முனைவர் கார்குழலி. “எனக்குப் பதிலா யார் வர்றாங்க?”

“யாரும் வரல மேடம்.”

“அப்ப ரோட்ல ஷூ போட்டுக்கிட்டு ஒருத்தர் யாருக்காக நிக்கிறார்? ஆட்டோவ இப்படி விடாத, சீஃப் கெஸ்ட் வர்ற வழின்னு எங்களச் சுத்திப் போக வச்சாரே?”

“உங்களுக்காகத்தான் மேடம்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் அவரை அழைத்துப் போய், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கிசுகிசுத்தேன். திங்கட்கிழமை போகப்போகும் மிஷின், காத்திருக்கும் நேரம், கார் கதவுச் சத்தம். பாத்திரத்துக்குள் வராத வினையூக்கியைக்கூடச் சொல்லிவிட்டேன். அவர் தும்மினார் என்று நினைத்தேன். சிரித்திருக்கிறார்.

“இருபது வருஷமா நான் போற எடத்துல எல்லாம் எழுந்து நிக்கிறாங்க. நான் வர்றதுக்கு முன்னாடி அங்க இன்னா நடக்கும்னு நான் பாத்ததே இல்ல.” மஃப்ளரை அவிழ்த்துப் பைக்குள் திணித்தார். “எங்க ஒக்காரணும்?”

“மேடம், செயலாளர் சார்...”

“அவருக்கு என் முகம் தெரியாதா?”

“ஃப்ளெக்ஸ் அடிக்கல மேடம். அதனால உங்க போட்டோ கேக்கல.”

“நல்லதாப் போச்சு. ஒரு கண்டிஷன். நான் யாருன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டிய நேரம் வந்தா நீதான் சொல்லணும். இப்ப மாதிரி காதுல இல்ல. எல்லாருக்கும் கேக்குற மாதிரி.”

‘நீங்கள்’ ‘நீ’ ஆகியிருந்தது. நான் தலையாட்டினேன். அந்த நேரம் வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

*

அறிமுகத்துக்கு நான் ஒரு விதி எழுதி வைத்திருந்தேன். அதை ஒரு பெண் வாசித்தார். பெயர், பதவி, படிப்பு சொல்லக் கூடாது. கடைசியாக நீங்கள் குப்பையில் போட்டது எது என்று சொல்ல வேண்டும்.

அஞ்சலாட்சி அக்கா கையைத் தூக்கினார். “மருமவன் வாங்கியாந்த செருப்பு. ஒரு வாரம் வரல. அவன் மொகத்துக்கு நேராத்தான் போட்டேன்.”

சிரிப்பு ஓயும் முன் லூர்துபிரகாஷ் சொன்னார், “நான் போட்டது ஒரு பிளேடு. அரைக்கிற மிஷின் பிளேடு. வலையில கட்டியிருந்த ஈயக் குண்டு மாட்டி ஒடஞ்சுது. போன வருஷம் இந்த ஊருலேர்ந்து ஒரே ஒரு மூட்டை வந்துச்சு. அதுல இருந்த ஈயம்.”

“எங்க ஊரு ஈயமா? பேரு எழுதியிருந்துச்சா?” என்றார் அஞ்சலாட்சி அக்கா.

“மூட்டை மேல எழுதியிருந்துச்சு. பிள்ளைச்சாவடின்னு.”

“அந்த மூட்டைக்கி நான் ராவெல்லாம் வலை கட்டுனேன். போய்ச் சேந்துச்சான்னு ஒரு போனு பண்ணியா நீ?”

மூன்று ஆண்டுகளில் அவர்கள் பேசிய முதல் பேச்சு அது. சண்டைதான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

முறை சுற்றிக்கொண்டு முனைவர் கார்குழலியிடம் வந்தது.

“சால்வை” என்றார். “பீரோ பூரா சால்வைங்க. நேத்து ரெண்ட தூக்கிப் போட்டேன். கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டேங்குறாங்க.”

“சால்வைக் கடை வச்சிருக்கியாம்மா?” என்று கேட்டார் அஞ்சலாட்சி அக்கா.

“ஆமா. கடை மாதிரிதான்.”

“யாவாரம் படுத்துருச்சா?”

“இல்ல. சரக்கு வந்துக்கிட்டே இருக்கு. போவதான் மாட்டேங்குது.”

அதோடு அவர் பெயர் சால்வைக்காரம்மா என்று ஆனது.

பிறகு வேலை. வலையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு மிதவை தனி, ஈயக் குண்டு தனி, கயிறு தனி என்று அறுக்க வேண்டும். ஒரு வலைக்கு இரண்டு முனை. அறுத்துக்கொண்டே போனால் நடுவில் எதிராளியைச் சந்தித்தே ஆக வேண்டும். இந்த ஒரு யோசனைக்காக நான் ஒரு வாரம் தூங்கவில்லை. அஞ்சலாட்சி அக்கா ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை லூர்துபிரகாஷ் பிடிக்கும்படி நான் நகர்த்திப் போட்டிருந்தேன். அவருக்குப் பக்கத்தில் சால்வைக்காரம்மா.

கிறிஸ்துதாஸ் சார் வியர்த்துப் போய் வந்தார். “கெளம்பிட்டாங்களா, தெரியலயே. போன் அடிச்சுப் பாக்குறேன்.” பட்டன்களை அழுத்தினார்.

சால்வைக்காரம்மாவின் துணிப்பைக்குள் போன் ஒலித்தது. எவர்சில்வர் தட்டில் மோதி, அது கூடம் முழுக்க அதிர்ந்தது.

“எடும்மா” என்றார் அஞ்சலாட்சி அக்கா.

“கடைலேர்ந்துதான். சும்மா தொந்தரவு” என்று பைக்குள் கையை விட்டு அணைத்தார்.

“கட் பண்ணிட்டாங்க” என்றார் கிறிஸ்துதாஸ் சார். “கார்ல வந்துக்கிட்டிருப்பாங்க. கார்ல வர்றவங்கதான் இப்படிக் கட் பண்ணுவாங்க.” நம்பிக்கையோடு ரோட்டுக்குத் திரும்பினார்.

“பாவம் முசியே, வெயில்ல நிக்கிறாரு” என்றார் அஞ்சலாட்சி அக்கா. செயலாளரைப் பிரெஞ்சு மரியாதையோடு அப்படித்தான் சொல்வார். “இந்த சீஃப் கெஸ்ட்டு எப்பதான் வருவா?”

“அவங்க எல்லாம் அப்படித்தான்” என்றார் சால்வைக்காரம்மா, ஈயக் குண்டு ஒன்றோடு போராடிக்கொண்டே. “லேட்டா வருவாங்க. வந்து ஒரு மணி நேரம் பேசுவாங்க. பேசி முடிச்சதும் வேற கூட்டம் இருக்குன்னு சாப்புடாமப் போயிடுவாங்க.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“நெறையப் பாத்துருக்கேன்.”

அடுத்த நிமிடம் “ஸ்ஸ்” என்று கையை உதறினார். நைலான் இழை கட்டை விரலைக் கிழித்திருந்தது. லூர்துபிரகாஷ் பைக் பெட்டியிலிருந்து பிளாஸ்திரி கொண்டு வந்து ஒட்டினார்.

“சால்வ மடிக்கிற கையி. இதுக்கெல்லாம் ஒத்து வருமா?” என்றார் அஞ்சலாட்சி அக்கா. ஆனால் அறுப்பதற்குத் தோதாக வலையை அவர் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

பதினொன்றரை மணிக்கு ரோட்டுப் பக்கம் ஒரே ஆரவாரம். எட்டிப் பார்த்தோம். ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. கதவைத் திறந்து, கண்ணாடி போட்ட ஒரு அம்மையார் இறங்கியதும் கிறிஸ்துதாஸ் சார் பன்னீர் தெளித்தார். “வருக வருக” என்று சால்வையைப் போர்த்தினார். அம்மையாருக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் நீச்சல் வளையங்களோடு இறங்கினார்கள்.

“ரொம்ப சந்தோஷம்” என்றார் அம்மையார், ஒரு மாதிரித் தமிழில். “ரூம் ரெடியா? ஃபோட்டோவில் பார்த்த ரிசார்ட் வேற மாதிரி இருந்துச்சே?”

அவர்களுக்கு வழி சொல்லி அனுப்பினார். சால்வையைத் திருப்பிக் கேட்க அவருக்குக் கூச்சம். அது பெங்களூரு கார் ஒன்றில் ரிசார்ட்டுக்குப் போய்விட்டது.

“ஃப்ளெக்ஸ் அடிச்சிருந்தா முகமாவது தெரிஞ்சிருக்கும்” என்று என்னிடம் வந்து சொன்னார். நான் தரையைப் பார்த்தேன். எனக்குப் பக்கத்தில் சால்வைக்காரம்மாவும் தரையைத்தான் பார்த்தார். அவருடைய தோள்கள் குலுங்கின.

“சளி பிடிச்சிருக்கு போல. பாத்துக்கம்மா” என்றார் அவரிடம் கிறிஸ்துதாஸ் சார்.

*

மதியம் சோறும் கருவாட்டுக் குழம்பும். தட்டு கொண்டு வராதவர்கள் இரண்டு பேர். அவர்களுக்கு அஞ்சலாட்சி அக்கா குண்டான் மூடியைக் கொடுத்தார். கிறிஸ்துதாஸ் சார் பூப்போட்ட பீங்கான் தட்டு கொண்டு வந்திருந்தார். விருந்தினர் வராமல் சாப்பிடுவது முறையில்லை என்று கொஞ்ச நேரம் தயங்கினார். குழம்பு வாசம் முறையை வென்றது. இரண்டாம் தடவை போட்டபோது “மெர்சி” என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

சாப்பிட்டபின் எல்லோரும் தட்டை மணலில் தேய்த்துக் கழுவினார்கள். கூடத்தில் குப்பை என்று எதுவும் இல்லை. வலை மலையும் பாதியாகியிருந்தது. ஒரு பக்கம் ஈயக் குண்டுகள். ஒரு பக்கம் மிதவைகள். அறுத்த கயிற்றைப் போட இடம் இல்லாமல் யாரோ டர்க்கித் துண்டு நாற்காலியில் போட ஆரம்பித்திருந்தார்கள். இப்போது நாற்காலியே தெரியவில்லை.

லூர்துபிரகாஷும் அஞ்சலாட்சி அக்காவும் அவர்களுடைய வலையின் நடுப்பகுதிக்கு வந்துவிட்டார்கள். இடையில் ஒரு முழம்தான் பாக்கி.

“அறுக்குறது சரி” என்றார் அஞ்சலாட்சி அக்கா. “எல்லாரும் ஒக்காந்தா வெளயாட்டு மாதிரி முடிஞ்சுடுது. ஆனா மண்ணுபோக அலசிக் குடுன்னு சொன்னியே, அதுக்கு எங்களுக்கு நேரம் ஏது? நல்ல தண்ணிதான் ஏது?”

“நான் எங்க சொன்னேன்?”

“மேடையில சொன்னாங்க. மூணு வருஷமா. சுத்தம் செய்யப்பட்ட வலைதான் வேணும்னு.”

“எக்கா, மண்ணு இருந்தாப் பரவால்ல. என்கிட்ட தொட்டி இருக்கு, நானே அலசிக்குவேன். ஈயம்தான் கூடாது.”

அஞ்சலாட்சி அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“அடப்பாவி. இத மூணு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க கேக்கலயே. ரெண்டு பேரும் மேடையத்தான பாத்துக்கிட்டிருந்தோம்.”

சால்வைக்காரம்மாவும் அறுப்பதை நிறுத்தினார். மூன்று ஆண்டாக மேடையில் வாசிக்கப்பட்ட அறிக்கையில் ‘சுத்தம் செய்யப்பட்ட வலை’ என்று எழுதியவர் அவர்தான். அது எனக்குத் தெரியும். அவர் காதுகள் சிவந்திருந்தன. அது காய்ச்சலாகவும் இருக்கலாம்.

அதற்குப் பிறகு வேகமாக நடந்தது. சனிக்கிழமை தோறும் பெண்கள் இங்கேயே கூடி அறுப்பது. ஈயமும் மிதவையும் ஊருக்கு, புது வலைக்கு ஆகும். மாலையில் லூர்துபிரகாஷின் டெம்போ வந்து வலையை ஏற்றிக்கொள்வது. முதல் சுமை வருகிற சனிக்கிழமை. மிஷினை விற்பதில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

“பொறு” என்றார் அஞ்சலாட்சி அக்கா. “இங்க தலையாட்டிட்டு, திங்கக்கெழம சேதராப்பட்டுக்காரனுக்கு நீ மிஷினக் குடுத்துட்டா? வாய்ப்பேச்சு வாணாம். பெரிய மனுஷங்க முன்னாடி சொல்லு.”

“நானும் அதத்தான் நெனச்சேன்” என்றார் லூர்துபிரகாஷ். “நீங்க மறுபடி ஈயத்தோட அனுப்பிச்சா? யார் கேப்பா? சீஃப் கெஸ்ட் வரட்டும். அவங்க முன்னாடி ரெண்டு பேரும் சொல்லுவோம். அப்பதான் பேச்சு பேச்சா இருக்கும்.”

“சரி, வரட்டும்” என்றார் அஞ்சலாட்சி அக்கா.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. விருந்தினர் இல்லாவிட்டால்தான் பேசுவார்கள் என்பதுவரை யோசித்திருந்தேன். பேசியதை முடித்து வைக்க விருந்தினர் வேண்டும் என்பதை யோசிக்கவே இல்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். காலையில் காத்திருந்தது போல் இல்லை. அனைவரும் நாற்காலி இருந்த பக்கம் பார்த்தார்கள். கயிற்றுக் குவியல்தான் தெரிந்தது. நாலரை மணி ஆனது. லூர்துபிரகாஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் கெளம்பணும். சேதராப்பட்டுக்காரர் இன்னைக்கே வந்து மிஷினப் பாக்குறேன்னார். இங்க பேச்சு முடிஞ்சுட்டா வர வேணாம்னு சொல்லலாம்னு பாத்தேன்.” ஹெல்மெட்டை எடுத்தார்.

“போய்யா, போ. எனக்குத் தெரியும்” என்றார் அஞ்சலாட்சி அக்கா. ஆனால் கண்கள் போகச் சொல்லவில்லை.

ரோட்டிலிருந்து கிறிஸ்துதாஸ் சார் வந்தார். ஷூ நிறைய மணல். ஒரு நாளில் ஐந்து வயது கூடியிருந்தது. ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே. சிறப்பு விருந்தினர் தவிர்க்க முடியாத காரணத்தால் வர இயலாததற்கு, அவர்கள் சார்பாக நான்...” நாற்பது ஆண்டு விழா அனுபவத்தில் அவர் அந்த வாக்கியத்தைச் சொல்ல நேர்ந்ததே இல்லை. பாதியில் நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைத் தாழ்த்தினார்.

லூர்துபிரகாஷ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பைக்கை நோக்கி நடந்தார்.

நான் முனைவர் கார்குழலியைப் பார்த்தேன். அவர் துணிப்பைக்குள் தட்டை வைத்துக்கொண்டிருந்தார். வேண்டுமென்றே மெதுவாக வைத்தார். பிறகு கடலைப் பார்த்தார். பேச்சு மாறாதவர் என்று தெரிந்தது.

பைக் உறுமியது.

நான் எழுந்தேன். கிறிஸ்துதாஸ் சாரின் கையிலிருந்து ஒலிபெருக்கியை வாங்கினேன். அவர் ஆச்சரியத்தில் விட்டுவிட்டார். பொத்தானை அழுத்தினேன். கூச்சல் போல ஒரு சத்தம் வந்தது. எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மேடை இருந்தால் எல்லோரும் ஒரே பக்கம் இருப்பார்கள். வட்டத்தில் எந்தப் பக்கம் பார்த்தாலும் முகம். இந்த ஏற்பாட்டை நான்தான் செய்தேன்.

“அனைவருக்கும்” என்றேன்.

அத்தோடு நின்றது. கிறிஸ்துதாஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

“அனைவருக்கும் இன்னா பாப்பா? சொல்லு” என்றார் அஞ்சலாட்சி அக்கா.

பைக் சத்தம் நின்றது. லூர்துபிரகாஷ் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளினார்.

“அனைவருக்கும் ஒண்ணு சொல்லணும்” என்றேன். என் குரல் எனக்கே எதிர்த் தூணிலிருந்து திரும்பிக் கேட்டது. “சீஃப் கெஸ்ட் காலையிலேயே வந்துட்டாங்க. பிரகாஷ் அண்ணன் பக்கத்துல ஒக்காந்து ஈயம் அறுத்துக்கிட்டிருந்தாங்களே, சால்வைக்காரம்மா, அவங்கதான். நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சதெல்லாம் அவங்க முன்னாடிதான்.”